'ஏபிள்' யாரைச் சொல்கிறது?

குரும்பகரத்தில் நாங்கள் எடுக்கும் மாலை வகுப்பில் நீளமான இங்கிலீஷ் சொல் வந்தால் பிள்ளைகள் எழுத்தெழுத்தாக மனப்பாடம் செய்வார்கள். நடுவில் ஓர் எழுத்து மறந்தால் மொத்தமும் போச்சு. அதனால் இரண்டு விதமாகப் பிரிக்கச் சொல்லித் தருகிறோம்: ஓசைக்கு ஒன்று, பொருளுக்கு ஒன்று. போன வாரச் சொல் 'அன்டச்சபிலிட்டி'.

ஓசைக்குக் கைதட்டினோம். அன்-டச்-அ-பி-லி-டி, ஆறு தட்டு. அழுத்தம் 'பி'யில். பொருளுக்கு நான்கே துண்டு: 'டச்' தொடுதல், 'ஏபிள்' தக்க, முன்னால் 'அன்' மறுப்பு, கடைசியில் 'இட்டி' அதைப் பெயராக்குகிறது. 'இட்டி' ஒட்டும்போது 'ஏபிள்' என்பது 'அபில்' ஆகிவிடும்.

"அக்கா, அந்த ஏபிள் யாரைச் சொல்லுது?" என்றாள் ஒரு மாணவி.

நம்மைத்தான். தொடத் தகாத தன்மை ஏதோ நம் உடம்பிலேயே இருப்பதைப் போல. தொடாமல் ஒதுங்கியவன் அந்தச் சொல்லில் எங்குமே இல்லை. 1954 நவம்பர் 1 வரை காரைக்காலை ஆண்ட பிரெஞ்சுக்காரர்களின் சொல்லும் இதே கட்டுமானம்தான்.

தமிழில் பிரித்தோம். தீண்டு + ஆ + மை. பகுதி, எதிர்மறை இடைநிலை, தொழிற்பெயர் விகுதி. தேர்வுக்கு இவ்வளவு போதும், நமக்குப் போதாது. கொல்லாமை என்றால் கொல்லாதவரின் செயல், கொல்லப்படாதவரின் குணம் அல்ல. அப்படியென்றால் தீண்டாமையும் தீண்டாதவனின் செயல்தான்! 'தீண்டத்தகாதவர்' என்று சொல்லும்போதுதான் அந்த 'ஏபிள்' தமிழுக்குள் மறுபடி நுழைகிறது.

அரசியலமைப்பின் 17ஆவது பிரிவு இந்த ஆங்கிலச் சொல்லை மேற்கோள்குறிக்குள் வைத்திருக்கிறது, வரையறை தரவில்லை. அதனால் இதை வெறும் இலக்கணப் பொருளில் படிக்கக்கூடாது, வரலாற்றில் வளர்ந்த நடைமுறையாகவே படிக்கவேண்டும் என்று மைசூர் உயர்நீதிமன்றம் சொன்னது. சரிதான். ஆனால் மனு எழுதும்போது இலக்கணமும் வேண்டியிருக்கிறது, தோழர்களே.

அன்றைக்கு எங்கள் கையில் ஒரு மனு இருந்தது. வேறோர் ஊரில் நம் பையனுக்கு முடிவெட்டமாட்டேன் என்று சொல்லியிருந்தார்கள். 1955ஆம் ஆண்டுச் சட்டப்படியே அது குற்றம். நாங்கள் எழுதி வைத்திருந்த வரி: "எங்கள் பையனுக்கு முடிவெட்ட மறுக்கப்பட்டது." மறுத்தவன் அதிலும் இல்லை. அந்த மாணவியே பேனாவை வாங்கி அடித்துவிட்டு, கடைக்காரர் பெயரை முதலில் போட்டு, தேதியும் நேரமும் சேர்த்து, 'மறுத்தார்' என்று முடித்தாள்.