வானொலி வளர்த்த ஊர்

சிட்னியிலிருந்து வடக்கே 400 கிலோமீட்டருக்குச் சற்று மேல். காரில் ஏறக்குறைய ஐந்து மணி நேரம். நம் ஊரைப் போலவே சாலையின் இடப்பக்கம்தான் ஓட்டுகிறார்கள் என்பதால் பயமில்லை. ஹண்டர் பள்ளத்தாக்கின் திராட்சைத் தோட்டங்களும் நிலக்கரிச் சுரங்கங்களும் பின்னால் போய், குதிரைப் பண்ணைகளுக்குப் பேர்போன ஸ்கோனையும் தாண்டி, மலை ஏறி இறங்கினால் டாம்வொர்த். 12 மீட்டர் உயரத்தில் ஒரு தங்க நிறக் கிட்டார் சாலையோரம் நின்று வரவேற்கிறது.

ஆஸ்திரேலியாவின் கன்ட்ரி இசைத் தலைநகர் இது. ஒவ்வோர் ஆண்டும் ஜனவரியில் 10 நாள் திருவிழா. பீல் ஸ்திரீட் என்னும் கடைத்தெருவில் பத்தடிக்கு ஒருவர் கிட்டாரோடு நிற்கிறார். ஒரு முனையில் பத்து வயதுச் சிறுமி பிடில் வாசிக்க, மறு முனையில் வெள்ளைத் தாடித் தாத்தா மவுத் ஆர்கன் ஊதுகிறார். பிடித்த பாட்டுக்கு நின்று, பெட்டியில் சில்லறை போட்டு நகரலாம். டிக்கெட் வாங்கி உட்கார்ந்து கேட்கும் கச்சேரிகள் தனி.

திருவிழா நாட்களில் ஹோட்டல் அறை கிடைப்பது குதிரைக் கொம்பு. அதனால் பீல் ஆற்றோரத் திடல்களில் ஆயிரக்கணக்கானோர் கூடாரமும் கேரவனுமாக இறங்கிவிடுகிறார்கள். சிட்னியில் இருக்கும் என் அக்காவும் அத்தானும் நானும் அங்கேதான் கூடாரம் அடித்தோம். பகலில் வெயில் கொளுத்தும். சாயங்காலமானால் திடல் முழுக்க பார்பிக்யூ மணம். கோடையில் காட்டுத்தீ பயம் இருப்பதால் விறகு மூட்டக் கட்டுப்பாடுகள் உண்டு. ஆகவே நம் ஊர் சாத்தே போலக் கரியும் விசிறியும் எதிர்பார்க்க வேண்டாம். பெரும்பாலும் எரிவாயு அடுப்பில் தட்டையான இரும்புத் தகடுதான். ரொட்டித் துண்டில் ஒரு சாசேஜ், வதக்கிய வெங்காயம், தக்காளி சாஸ். மடித்தால் சாப்பாடு முடிந்தது. சாசேஜ் பெரும்பாலும் மாட்டிறைச்சி. சாப்பிடாதவர்கள் கேட்டு வாங்குங்கள். அக்கா மஞ்சள், மிளகாய்த்தூள், தயிர் போட்டு ஊறவைத்த கோழியைத் தகட்டில் போட்டதும் பக்கத்துக் கூடாரத்துக்காரர்கள் தட்டோடு வந்துவிட்டார்கள்.

வந்தவர்களில் ஒருவர் ஓய்வு பெற்ற லோரி ஓட்டுநர். நான் வானொலி அறிவிப்பாளர் என்றதும் அவர் முகம் மலர்ந்தது. "அப்படியானால் இது உங்கள் ஊர்தான்" என்றார். பிறகு இந்த ஊரின் கதையைச் சொன்னார்.

1960களில் இந்த வட்டாரத்துக்குத் தொலைக்காட்சி வந்தது. சாயங்காலமானால் குடும்பம் குடும்பமாக அதன் முன்னே உட்கார்ந்துவிட, உள்ளூர் வானொலியான 2டிஎம்-இன் இரவு நேரம் காலியானது. நிலையம் தொலைக்காட்சியோடு மல்லுக்கு நிற்கவில்லை. 1965-இல் 'ஹோடவுன்' என்ற கன்ட்ரி இசை நிகழ்ச்சியை இரவில் தொடங்கியது. நடத்தியவர் ஜான் மின்சன்.

இங்கே எங்கள் தொழில் ரகசியம் ஒன்று உண்டு. ஏ.எம். அலை பகலில் தரையோடு கொஞ்ச தூரம்தான் போகும். இரவிலோ வானத்தின் அயனி மண்டலத்தில் பட்டுத் திரும்பி, நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் தள்ளி இறங்கும். ஆகவே சிறிய ஊரின் குரல் பல மாநிலங்களில் கேட்டது. பண்ணை வீடுகளிலும் லோரிகளிலும் விழித்திருந்தவர்கள் டாம்வொர்த் என்ற பெயரைப் பாட்டோடு சேர்த்து மனத்தில் பதித்துக்கொண்டார்கள். அந்த நிலையத்தார்தான் ஊருக்குத் 'தலைநகர்' பட்டத்தைச் சூட்டி, 1973 ஜனவரியில் விருது விழாவையும் தொடங்கினார்கள். அவ்விழாவின் முதல் தங்கக் கிட்டார் ஜாய் மெக்கீன் எழுதி, அவர் கணவர் ஸ்லிம் டஸ்டி பாடிய 'லைட்ஸ் ஆன் தி ஹில்' பாடலுக்குப் போனது. இரவில் லோரி ஓட்டுபவனைப் பற்றிய பாட்டு அது! யார் கேட்டார்களோ அவர்களைப் பற்றியே பாடியிருக்கிறார்கள்.

"இப்போ யாருங்க ரேடியோ கேக்குறா?" கல்யாண வீட்டிலும் கோயில் திருவிழாவிலும் என்னிடம் தவறாமல் வரும் கேள்வி இது. கைப்பேசியில் உலகத்துப் பாட்டெல்லாம் இருக்கும்போது நியாயமான கேள்விதான். எனக்கும் சில இரவுகளில் வருகிறது. நள்ளிரவுக்குப் பின் எனக்கு வரும் அழைப்புகளை எண்ணிப் பார்க்கிறேன். ஜொகூருக்குச் சரக்கு ஏற்றிப் போகிற லோரி அண்ணன், தொழிற்சாலை வாசலில் காவல் இருக்கும் ஐயா, இரவுப் பணியிலிருக்கும் தாதி. எண்ணிக்கை பெரிதில்லை. டாம்வொர்த்தும் எல்லோரையும் பிடிக்கப் பார்க்கவில்லை. விழித்திருந்த சிலரிடம் விடாமல் பேசியது. ஊருக்கே ஒரு பெயர் கிடைத்தது.

நீங்கள் போவதென்றால் கூடாரத்துக்கான இடத்தைச் சில மாதங்கள் முன்பே பதிவு செய்யுங்கள். தொப்பியும் தண்ணீரும் மறக்க வேண்டாம். அந்தி மயங்கியபின் கங்காருகள் சாலையில் குதிக்கும், பகலிலேயே ஓட்டி முடித்துவிடுங்கள். இரவில் படுக்கப் போகும் முன் கார் வானொலியை ஏ.எம். பக்கம் மெல்லத் திருப்பிப் பாருங்கள். இரைச்சலுக்கு நடுவே எங்கோ தொலைவில் ஒருவர் பேசிக்கொண்டிருப்பார்.