கண்ணாடிக்குப் பின்னால் ஒரு கண்

மழை பெய்தால் வைப்பரைப் போடுவதும், இருட்டினால் விளக்கைப் போடுவதும் ஓட்டுநரின் வேலை என்றுதான் நாம் நினைத்துக்கொண்டிருக்கிறோம். இப்போது வரும் கார்கள் பலவற்றில் அந்த வேலை அவர் கையில் இல்லை. முன் கண்ணாடியின் உச்சியில், உள்ளே தொங்கும் சிறு கண்ணாடிக்குப் பின்புறம், தீப்பெட்டியைவிடச் சற்றே பெரிய ஒரு கறுப்புப் பெட்டி ஒட்டிக்கொண்டிருக்கிறது. மழையா வெயிலா, பகலா இரவா என்பதை அதுதான் தீர்மானிக்கிறது. அந்தப் பெட்டிக்குப் புத்தி கெட்டுப்போனால் என்ன ஆகும் என்பதை 2024-ஆம் ஆண்டு ஜூன் மாதத்தில் என் தாய்மாமாவின் கார் எங்களுக்குக் காட்டியது.

மாமா உடுமலையில் டாக்சி ஓட்டுகிறார். வண்டி பழையதாக வாங்கியது. ஆனால் அந்த ரகத்திலேயே எல்லா வசதிகளும் உள்ள உயர்ந்த வகை. தவணை மாதம் 14,500 ரூபாய். அப்பா காலமான பிறகு எங்கள் வீட்டு அடுப்பு எரிவதிலும் அந்தக் காருக்குப் பங்கு உண்டு என்பதை இங்கே சொல்லிவிடுகிறேன். நான் இயற்பியல் மூன்றாம் ஆண்டு. மாலை வேளைகளில் ஓர் ஆட்டோ எலக்ட்ரீசியன் பட்டறையில் கைவேலைக்கு நிற்கிறேன். பட்டறை அண்ணன் எட்டாம் வகுப்போடு படிப்பை நிறுத்தியவர். ஆனால் ஒயரிங் படத்தை அவர் படிப்பதைப் பார்த்தால் நம் பேராசிரியர்களே மெச்சுவார்கள்.

கோளாறு இதுதான். மொட்டை வெயிலில், ஒரு சொட்டு நீர் இல்லாத கண்ணாடியில், வைப்பர் திடீரென்று 'கர்ர்' என்று தேய்க்கும். இரண்டு முறை தேய்த்து நிற்கும். கொஞ்ச தூரம் போனதும் மறுபடி. உண்மையான மழையிலோ சும்மா கிடக்கும். ஹெட்லைட் பட்டப்பகலில் எரியும். எதிரே வருகிறவர்கள் எல்லாம் விரல்களை விரித்து மூடிக் காட்டுவார்கள். புதிய இருசக்கர வண்டிகளுக்கு 2017 ஏப்ரல் முதல் பகலிலும் விளக்கு எரிவது விதியாகிவிட்டதால், அவற்றைப் பார்த்து இப்போது யாரும் கை காட்டுவதில்லை. காரைக் கண்டால் மட்டும் நம் மக்களுக்கு அந்தப் பழைய பரிவு குறையவில்லை. பொள்ளாச்சி போய் வருவதற்குள் நாற்பது பேருக்குப் பதில் சொல்ல வேண்டியிருக்கிறது என்று மாமா அலுத்துக்கொண்டார்.

ஒரு பெரிய ஒர்க்‌ஷாப்பில் காட்டியிருக்கிறார். அவர்கள் வண்டியைச் சிறிது நேரம் பார்த்துவிட்டு, "விளக்கு, வைப்பர், கதவுப் பூட்டு எல்லாவற்றையும் ஆளுகிற கம்ப்யூட்டர் போய்விட்டது, மாற்ற 38,000 ரூபாய் ஆகும்" என்று எழுதிக் கொடுத்துவிட்டார்கள். அதோடு, மலையில் போகும்போது வைப்பர் அடியோடு நின்றாலும் நிற்கும் என்று ஒரு பயத்தையும் போட்டு அனுப்பினார்கள். ஜூன் மாதம், தென்மேற்குப் பருவமழை. ஆழியாற்றிலிருந்து வால்பாறைக்கு 40 கொண்டை ஊசி வளைவுகள். மூன்று வாரமாக மாமா மலைப் பயணம் எதையும் ஒப்புக்கொள்ளவில்லை. அத்தையின் தங்கச் சங்கிலியை அடகு வைக்க நாள் குறித்திருந்தார்கள். அந்தச் சனிக்கிழமை மாலைதான் வண்டி எங்கள் பட்டறைக்கு வந்தது.

அண்ணன் முதலில் எதையும் கழற்றவில்லை. "ஏனுங்க மாமா, சுவிட்சைக் கையில திருப்பினா வைப்பர் ஓடுதுங்களா?" என்று கேட்டார்.

"ஓடுதுங்க."

"லைட்டுங்க?"

"போட்டா எரியுது, அணைச்சா அணையுது. அந்த ஆட்டோவுல வெச்சாத்தான் பேய் பிடிச்ச மாதிரி ஆடுது."

அண்ணன் என்னைப் பார்த்தார். எனக்கும் புரிந்தது. கையால் போட்டால் வைப்பர் ஓடுகிறது என்றால் மோட்டார், ஃபியூஸ், ரிலே, கம்பித் தண்டுகள் எல்லாம் நலம். விளக்குக்கும் அப்படியே. கதவுப் பூட்டும் இண்டிகேட்டரும் ஒழுங்காக வேலை செய்கின்றன என்றால், எல்லாவற்றையும் ஆளும் கம்ப்யூட்டர் செத்துவிட்டது என்ற பேச்சும் அவ்வளவாக நம்பும்படி இல்லை. 'ஆட்டோ' நிலையில் மட்டும் இரண்டும் கெடுகின்றன. அந்த நிலையில் இரண்டுக்கும் பொதுவானது எது? அந்தக் கறுப்புப் பெட்டி.

இங்கே அந்தப் பெட்டி எப்படி வேலை செய்கிறது என்று சொல்ல வேண்டும். இயற்பியல் படிக்காத நண்பர்கள் பயப்பட வேண்டாம்.

மழையை அது தொட்டுப் பார்ப்பதில்லை, ஒளியால் பார்க்கிறது. அதற்குள் இருக்கும் சிறு விளக்கு கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்பு ஒளியை, சுமார் 45 டிகிரி சாய்வில் முன் கண்ணாடிக்குள் செலுத்துகிறது. கண்ணாடியின் ஒளிவிலகல் எண் ஏறக்குறைய 1.5. வெளியே காற்று இருக்கும்போது மாறுநிலைக் கோணம் ஏறத்தாழ 42 டிகிரி. 45 அதைவிட அதிகம். ஆகவே ஒளி வெளியேற முடியாமல் முழு அக எதிரொளிப்பு அடைந்து பெட்டிக்கே திரும்புகிறது. கண்ணாடியின் மேல் ஒரு நீர்த்துளி விழுந்தால், அந்த இடத்தில் வெளிப்புறம் காற்றில்லை, நீர். நீரின் ஒளிவிலகல் எண் 1.33. மாறுநிலைக் கோணம் 62 டிகிரிக்கு மேல் போய்விடுகிறது. இப்போது 45 டிகிரி போதாது. ஒளி துளியின் வழியே நழுவி வெளியே ஓடிவிடும். திரும்பி வரும் ஒளி குறைந்தால் மழை. எவ்வளவு குறைகிறதோ அவ்வளவு மழை. அதற்கேற்ப வைப்பரின் வேகம். ஐந்து மதிப்பெண்ணுக்காக இரண்டு ஆண்டுகளாக நாங்கள் படம் போட்டுவந்த பாடம், மாமாவின் கார்க் கண்ணாடிக்குள் இத்தனை நாளாக ஓடிக்கொண்டிருந்திருக்கிறது!

விளக்குக்கு உள்ள ஏற்பாடு இன்னும் எளிது. அதே பெட்டியில் வானத்தின் வெளிச்சத்தைப் பார்க்கும் ஒளியுணரி ஒன்று உண்டு. வெளிச்சம் ஓர் அளவுக்குக் கீழே போனால் விளக்கு எரியும். மர நிழலுக்கும் பாலத்தடிக்கும் பொசுக்கென்று எரிந்து அணையாமல் இருக்கச் சில நொடிகள் தாமதமும் வைத்திருக்கிறார்கள்.

இதெல்லாம் நேற்று முளைத்த ஆசை அல்ல. 1903-இல் மேரி ஆண்டர்சன் என்ற அமெரிக்கப் பெண் கையால் இயக்கும் வைப்பருக்குக் காப்புரிமை பெற்றார். எதிரே வண்டி வந்தால் விளக்கைத் தானே தாழ்த்தும் 'ஆட்ரானிக் ஐ' என்ற கருவியை ஜெனரல் மோட்டார்ஸ் 1952-இலேயே கொண்டுவந்துவிட்டது. ராபர்ட் கெர்ன்ஸ் என்ற பொறியாளர் 1960-களில் விட்டுவிட்டுத் துடைக்கும் வைப்பரைச் செய்தார். ஒரு கண்ணில் பார்வையை ஏறக்குறைய இழந்தவர் அவர். கண் இமை எப்படி இடைவெளி விட்டு இமைக்கிறது என்பதிலிருந்தே அந்த யோசனை வந்ததாகச் சொல்லியிருக்கிறார். தம் கண்டுபிடிப்பை எடுத்துக்கொண்டதாக ஃபோர்டு நிறுவனத்தின் மீது 1978-இல் வழக்குப் போட்டு, 1990-இல் ஒரு கோடி டாலருக்குச் சற்று மேல் பெற்றார். பணத்தைவிட, தம் பெயரை ஒப்புக்கொள்ள வேண்டும் என்பதுதான் அவருக்குப் பெரிதாக இருந்தது என்பார்கள். எனக்கு அவரைப் பிடிக்கும்.

பட்டறைக்குத் திரும்புவோம். அண்ணன் பெட்டியின் கப்ளரை உருவினார். மூன்றே ஒயர். ஒன்றில் 12 வோல்ட் வந்தது, ஒன்று எர்த், மூன்றாவது கம்ப்யூட்டரோடு பேசும் ஒயர். ஸ்கேனரை மாட்டினோம், பெட்டி கம்ப்யூட்டரோடு நன்றாகவே பேசிக்கொண்டிருந்தது. பேசுகிறது, ஆனால் தப்பாகப் பேசுகிறது. பொழுது இன்னும் சாயவில்லை. வண்டியை வெயிலில் தள்ளி நிறுத்தினோம். அப்போதும் ஸ்கேனர் திரையில் 'இருட்டு' என்றுதான் வந்தது.

நான் வெளியே வந்து கண்ணாடியை நிமிர்ந்து பார்த்தேன். உச்சியில் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை 'பழனி முருகன் துணை' என்று மஞ்சள் எழுத்தில் பட்டையாக ஒரு ஸ்டிக்கர். எழுத்து மஞ்சள், அடிப்பட்டை நல்ல கறுப்பு. பெட்டி இருக்கும் இடத்தில் சரியாக அதன் கீழ்விளிம்பு இறங்கியிருந்தது.

"மாமா, இந்த ஸ்டிக்கர் எப்ப ஒட்டினது?"

"கண்ணாடி மாத்துனப்பத்தான் மாப்ளே. கல்லு பட்டுக் கீறல் விட்டுச்சில்ல, மே மாசம். புதுக் கண்ணாடி போட்டதும் மொதல் வேலையா ஒட்டுனேன்."

சோப்புத் தண்ணீர் தடவி, பிளேடால் கீழ்விளிம்பை மட்டும் மெல்ல உயர்த்தினேன். சில நொடிகள் கழிந்தன. ஹெட்லைட் அணைந்தது. விட்டேன், மறுபடி எரிந்தது. மாமாவுக்கு என்ன சொல்வதென்று தெரியவில்லை. "முருகா" என்றார், அதை எந்தப் பொருளில் சொன்னார் என்று இன்றுவரை நான் கேட்கவில்லை.

விளக்கு தீர்ந்தது. வைப்பர் தீரவில்லை. ஸ்டிக்கரை எடுத்த பிறகும், காய்ந்த கண்ணாடியில் அது ஒரு முறை தேய்த்துக் காட்டியது. ஒரு கோளாறு கிடைத்ததும் எல்லாவற்றுக்கும் அதுவே காரணம் என்று மூட்டை கட்டிவிடுகிற பழக்கம் பட்டறைகளில் உண்டு. அண்ணனிடம் அது கிடையாது. தெளிப்பானில் தண்ணீர் எடுத்து, பெட்டிக்கு நேர் மேலே அடிக்கச் சொன்னார். அடித்தேன். வைப்பர் அசையவில்லை. மீண்டும் அடித்தேன். சாவகாசமாக ஒரு முறை தேய்த்தது.

மூடியைக் கழற்றி, வெளியிலிருந்து கண்ணாடி வழியே டார்ச் அடித்துப் பார்த்தோம். பெட்டிக்கும் கண்ணாடிக்கும் நடுவே சிலிக்கான் பேட் ஒன்று உண்டு. தொட்டால் நுங்கு போல இருக்கும். ஒளி காற்றைச் சந்திக்காமல் பெட்டியிலிருந்து நேராகக் கண்ணாடிக்குள் போவதற்காக அது. அதற்குள் ஒரு காற்றுக் குமிழி, பட்டாணி அளவில். பக்கத்தில் தூசியும் ஒரு தலைமயிரும். புதுக் கண்ணாடி மாட்டியவர்கள் பழைய பேட்டையே எடுத்து ஒட்டியிருக்கிறார்கள்.

இரண்டு வகைக் கோளாறுக்கும் அந்தக் குமிழி ஒன்றே போதும். குமிழி இருக்கும் இடத்தில் ஒளி வெளிப்பரப்பு வரை போவதே இல்லை. அங்கே மழை விழுந்தால் பெட்டிக்கு எப்படித் தெரியும்? வெயிலில் பேட் சூடேறும்போது குமிழி பெருக்கிறது; திரும்பி வரும் ஒளி குறைகிறது. மழை வந்துவிட்டது என்று பெட்டி நினைத்து, வைப்பருக்குச் சொல்லிவிடுகிறது.

புதுப் பேட் உடுமலையில் இல்லை. அண்ணன் கோயம்புத்தூருக்குப் போன் போட்டார். கடைக்காரர் அதைப் பஸ் கண்டக்டரிடம் கொடுத்தனுப்பினார். இரவு ஒன்பது மணிக்குப் பஸ் நிலையத்தில் நின்று நான் வாங்கிவந்தேன். விலை 350 ரூபாய், கண்டக்டருக்கு ஐம்பது. கண்ணாடியின் உட்புறத்தை ஸ்பிரிட் தொட்டுத் துடைத்து, ஈரம் காயவிட்டு, பேட்டை ஒரு விளிம்பிலிருந்து மெல்லப் படுக்கவைத்து ஒட்டினோம். நடுவில் வைத்து அழுத்தினால் காற்று மாட்டிக்கொள்ளும். விரல் படாமல் ஒட்டுவதுதான் இதில் உள்ள ஒரே நுட்பம். அதற்கே இரண்டு பேர் மூச்சடக்கி நிற்க வேண்டியிருந்தது. பிறகு ஸ்கேனரில் பழைய பிழைக் குறிப்புகளை அழித்து, காய்ந்த கண்ணாடி எப்படி இருக்கும் என்பதைப் பெட்டிக்குப் புதிதாகக் கற்றுக்கொடுத்தோம். தெளிப்பானை எடுத்தேன். நான்கைந்து துளி, ஒரு முறை தேய்த்தது. விடாமல் அடித்தேன், வேகமெடுத்தது. நிறுத்தினேன், நின்றது.

மாமா அத்தைக்குப் போன் செய்து, "சங்கிலி கெடக்கட்டும், எடுத்து உள்ள வை" என்று மட்டும் சொன்னார்.

மறுநாள் விடியற்காலை நான்கு மணிக்கு அவருக்கு வால்பாறைச் சவாரி இருந்தது. கண் அறுவை சிகிச்சைக்காக ஒரு பெரியவரைக் கோயம்புத்தூருக்கு அழைத்துவர வேண்டும். பட்டறை அண்ணன் போகும்முன் இரண்டு விஷயம் சொல்லி அனுப்பினார். வண்டி கழுவும்போது வைப்பரை ஆட்டோவில் விடக்கூடாது. துடைக்கிற கையின் மேலேயே பாயும். கண்ணாடிக்குப் பாலீஷ் போடுகிறேன் என்று எண்ணெய்ப் பசை எதையும் பூசவிடக்கூடாது.

திங்கட்கிழமை காலை மாமா பட்டறைக்கு வந்தார். ஒன்பதாவது வளைவிலேயே மழை பிடித்துக்கொண்டதாம், மேலே மூடுபனி, விளக்கை மட்டும் அவரே கையால் போட்டிருக்கிறார். பனியில் வெளிச்சம் இருக்கும், பார்வை இருக்காது. பெட்டி அதைப் பகல் என்றுதான் நினைக்கும். வைப்பர் எப்படி என்று கேட்டேன். "அது பாட்டுக்கு ஓடுச்சு மாப்ளே. எடதுபக்க ரப்பர் மட்டும் கோடு விடுது" என்றார். ரப்பர் இரண்டையும் மாற்றினோம். ஸ்டிக்கர் இப்போது பின் கண்ணாடியில் இருக்கிறது.