உள்ளூர்ப் பக்கம்

உள்ளூர்ப் பக்கத்துக்கென்று புதிதாக ஒரு பையன் வேலைக்கு வந்தால் நான் முதலில் கேட்பது இதுதான்: “ரஸல் மார்க்கெட்டிலிருந்து அல்சூர் ஏரிக்கு நடந்து போகணும். எந்தெந்தத் தெரு வழியா போவே?” தமிழ் எழுத வருமா வராதா என்பது இரண்டு நாளில் தெரிந்துவிடும், திருத்தியும் கொள்ளலாம். தெரு தெரியாதவனை வைத்துக்கொண்டு பெங்களூரில் தமிழ்ப் பத்திரிகைக்குப் பக்கம் போட முடியாது.

செப்டம்பர் 8, சிவாஜிநகர் மரியன்னை பேராலயத் தேர்த் திருவிழா. ஆகஸ்ட் 29 கொடியேறியதிலிருந்தே அலுவலகத்தில் போன் ஓயாது. “அண்ணா, தேர் எத்தனை மணிக்கு? பஸ் ஸ்டாண்டு வரைக்கும் பஸ் விடுவாங்களா?” நிருபர் எழுதிக்கொண்டுவரும் செய்தியில் மறையுரை பன்னிரண்டு வரி இருக்கும், மேடையில் இருந்தவர்களின் பெயர் எட்டு வரி இருக்கும், தேர் புறப்படும் நேரம் கடைசியில் தொங்கிக்கொண்டிருக்கும். அதைத் தலைகீழாகத் திருப்பிப் போடுவதுதான் டெஸ்கின் வேலை. நேரம், அடைக்கப்படும் தெருக்கள், பஸ் நிற்கும் இடம், தமிழ்த் திருப்பலி எப்போது என்பது. இவ்வளவும் முதல் பத்தியில் வந்துவிட வேண்டும். காவிச் சேலை கட்டிக்கொண்டு லிங்கராஜபுரத்திலிருந்து நடந்தே வரும் அம்மா தேடுவது அதைத்தான். மேடைப் பெயர்கள் இடமிருந்தால் போகட்டும். விடுபட்டவர் மறுநாள் அலுவலக வாசலில் வந்து நிற்பார் என்பது வேறு விஷயம். அவருக்கு ஒரு காபி வாங்கிக் கொடுத்துச் சமாளிப்பதும் இந்தத் தொழிலில் சேர்த்திதான்.

இந்தப் பக்கத்துக்கு வாசகர்கள் பல திசையிலிருந்து வந்தவர்கள். 1809இல் கன்டோன்மென்ட் உருவானபோது படையை ஒட்டி வந்து குடியேறிய குடும்பங்களின் வழிவந்தவர்கள், பின்னி மில்லில் வேலை பார்த்தவர்கள், எச்.ஏ.எல்., ஐ.டி.ஐ., பி.இ.எல். என்று பொதுத்துறை ஆலைகளுக்கு வந்து தங்கிவிட்டவர்கள். அப்புறம் கோலார் தங்கவயல்காரர்கள். 2001 பிப்ரவரி 28இல் சுரங்கத்தை மூடிய பிறகு, மாரிக்குப்பத்தில் விடிகாலை ரயிலேறி பெங்களூருக்கு வேலைக்கு வந்து இரவு வீடு திரும்புவது அங்கே பல குடும்பங்களுக்கு வாழ்க்கையாகிவிட்டது. அந்த ரயிலில் ஒருவர் வாங்கிய பத்திரிகை பெட்டி முழுக்கக் கைமாறும். சர்க்குலேஷன் கணக்கில் அது ஒரே பிரதி.

காவிரிப் பிரச்சினை கிளம்பும் நாட்களில்தான் இந்த வேலையின் சூட்சுமம் தெரியும். சென்னைப் பதிப்பின் தலைப்பை அப்படியே தூக்கி இங்கே போட முடியாது. 1991 டிசம்பரில், நடுவர் மன்றத்தின் இடைக்கால உத்தரவு அரசிதழில் வெளியானதும் தமிழர் குடியிருப்புகள் தாக்கப்பட்டதை நேரில் பார்த்த மூத்தவர்கள் எங்கள் டெஸ்கில் இருந்தார்கள். ஆவேசத்தை எடு, வழியைச் சொல் என்பது அவர்கள் பாடம். 2016 செப்டம்பர் 12 அன்று அது கைகொடுத்தது. செப்டம்பர் 20 வரை விநாடிக்கு 12,000 கனஅடி தண்ணீர் திறந்துவிடச் சொன்னது உச்ச நீதிமன்றம். தமிழ்நாட்டுப் பதிவெண் கொண்ட பஸ்களும் லாரிகளும் எரிந்தன; 16 காவல் நிலைய எல்லைகளில் ஊரடங்கு. வாசகனுக்கு அன்று வேண்டியிருந்தவை சின்னச் சின்ன விவரங்கள். தமிழ்நாட்டு பஸ் ஓசூரோடு நின்றுவிடுகிறது. அத்திப்பள்ளியில் இறங்கி ஜூஜூவாடி சோதனைச்சாவடி வரை நடந்தால் அந்தப் பக்கம் வண்டி கிடைக்கும். பிள்ளைகளுக்கு நாளை பள்ளி உண்டா, இல்லையா. வாட்ஸ்அப்பில் படங்கள் வந்து குவிந்தபடி இருந்தன. ஒவ்வொன்றுக்கும் அந்தந்த ஏரியாவில் தெரிந்த ஆளைக் கூப்பிட்டு ஒரே கேள்வி: “நீங்க பார்த்தீங்களா, யாராவது சொன்னாங்களா?” பார்த்தேன் என்றவர்கள் சொன்னது மட்டுமே அச்சுக்குப் போனது. பக்கம் மெலிந்துதான் வந்தது. அதில் எனக்கு இன்றைக்கும் வருத்தமில்லை.

பத்திரிகை ஏன் இளைத்தது என்று கேட்டால் எல்லோரும் செல்போனைக் காட்டுகிறார்கள். பாதி நியாயம்தான். வாடகை வீடு, மணமகன் தேவை போன்ற வரி விளம்பரங்கள் அங்கே குடிபோய்விட்டன. நினைவஞ்சலி மட்டும் எங்களை விடவில்லை. 2019இல் இறக்குமதி அச்சுக் காகிதத்துக்கு மத்திய அரசு 10 சதவீத சுங்கவரி போட்டது, மறு வருஷம் 5 ஆகக் குறைத்தது, உடனே கொரோனா. காகிதச் செலவு ஏறினால் முதலில் கத்தி விழுவது உள்ளூர்ப் பக்கத்தின் மேல்தான். பேப்பர் போடும் பையன்கள் சாப்பாடு டெலிவரிக்குப் போய்விட்டார்கள். அவர்களைக் குறை சொல்ல முடியாது, அங்கே காசு அதிகம்.

வெளியே அதிகம் பேசப்படாத காரணம் ஒன்று உண்டு. பெங்களூரு மாநகராட்சிக்கு 2015இல் நடந்த தேர்தலில் ஜெயித்த 198 கார்ப்பரேட்டர்களின் பதவிக்காலம் 2020 செப்டம்பரில் முடிந்தது. அதன்பின் வருஷக்கணக்கில் அதிகாரிகள் ராஜ்ஜியம். 2025இல் ஊரை ஐந்து மாநகராட்சிகளாகப் பிரித்தார்கள். கார்ப்பரேட்டர் இருந்த காலத்தில், குழாயில் தண்ணீர் வரவில்லை என்ற செய்தியில் ஒரு பெயர் இருக்கும். காலை எட்டு மணிக்கு அந்தப் பெயரே போனில் கூப்பிடும்: “என்னப்பா, இப்படி எழுதிட்டே?” சாயங்காலம் லாரி வந்து நிற்கும். பிறகு நாங்கள் ‘அதிகாரிகள் நடவடிக்கை எடுக்க வேண்டும் எனப் பொதுமக்கள் கோரிக்கை விடுத்துள்ளனர்’ என்று முடிக்கப் பழகிவிட்டோம். எந்த அதிகாரி? வாசகனுக்குத் தெரியாது. எழுதிய நிருபருக்கும் தெரியாது. யார் சட்டையையும் பிடிக்காத செய்தியை யார் காசு கொடுத்து வாங்குவார்கள்?

இதையெல்லாம்கூடத் தாண்டி வந்துவிடலாம். தாண்ட முடியாதது வீட்டுக்குள் நடந்தது. அப்பா தமிழ்ப் பத்திரிகை படிப்பார். மகன் வீட்டில் தமிழ் பேசுவான், ரஜினி படத்துக்கு முதல் நாள் போவான், ஆனால் படித்தது கன்னடமும் ஆங்கிலமும். பஸ் போர்டு, பரீட்சை, வேலை எல்லாம் அவற்றில்தான். இந்த ஊரில் பிழைக்க அதுதான் சரி. அப்பா காலமானதும் ஏஜெண்டுக்குப் போன் வரும்: “பேப்பரை நிறுத்திடுங்க, வீட்ல படிக்க ஆளில்லை.” நெருங்கின சொந்தம் போல இருந்த வீடு ஒரே வாக்கியத்தில் கைவிட்டுப் போகும். இது முன்பே தெரிந்தவர்களும் உண்டு. 1960களில் இங்கே ‘தினச்சுடர்’ என்ற தமிழ் நாளிதழைத் தொடங்கிய பி.எஸ். மணியின் நிறுவனத்திலிருந்துதான் ‘ஈ சஞ்சே’ என்ற கன்னட மாலை நாளிதழும் வந்தது.

அமெரிக்காவில் 2005க்குப் பிறகு மூன்றில் ஒரு பங்குக்கும் மேலான பத்திரிகைகள் மூடப்பட்டுவிட்டன. உள்ளூர்ப் பத்திரிகையே இல்லாத ஊர்களைச் செய்திப் பாலைவனம் என்கிறார்கள். அங்கே படிக்கத் தெரிந்தவன் இருக்கிறான், விளம்பரம்தான் போய்விட்டது. எங்களுக்கு விளம்பரம் நாளைக்கே திரும்பி வந்தாலும் அந்த மகன் திரும்பமாட்டான். விளம்பரமே வாங்காமல் நடத்தலாமே என்று சிலர் சொல்வார்கள். இதே ஊரில் பி. லங்கேஷ் 1980இல் ‘லங்கேஷ் பத்ரிகே’யை ஆரம்பித்து, வாசகன் கொடுத்த காசிலேயே நடத்திக் காட்டினார். அது கன்னடம். அவருக்கு வாசகர்கள் புதிது புதிதாகப் பிறந்துகொண்டிருந்தார்கள்.

அந்த மகனுக்குக் காது இருக்கிறது. ஸ்ரீராம்புரத்திலோ ஈஜிபுராவிலோ தெருமுனையில் நின்று, செல்போனை நீட்டிப் பிடித்து, தேங்கிய சாக்கடையைக் காட்டித் தமிழில் பேசும் பையன்களை அவன் கேட்கிறான். நானும் கேட்கிறேன். அவர்கள் பேச்சு எங்கள் பக்கத்துத் தமிழைவிட உயிரோடு இருக்கிறது, தெருவும் தெரிகிறது. என் முதல் கேள்வியில் தேறிவிடுவார்கள். குறை ஒன்றுதான், இரண்டாவது ஆளிடம் விசாரிப்பதில்லை. அதைச் சொல்லிக்கொடுக்க எங்களைப் போன்றவர்கள் இன்னும் இருக்கிறோம். சொல்லிக்கொடுத்துக்கொண்டும் இருக்கிறேன். உள்ளூர்ச் செய்தி இந்த ஊர்த் தமிழில் தங்க வேண்டுமானால் இனி பேச்சில்தான் தங்கும் என்பது என் முடிவு. அச்சு என் தலைமுறையோடு சுருங்கிவிடும்.

உங்களிடம் கேட்பது ஒன்றே. குழாய் உடைந்ததோ, தேர் வரும் பாதை மாறியதோ, தெருவில் கல்லெறி நடந்ததோ, எதுவானாலும் எங்களுக்கோ அந்தப் பையன்களுக்கோ அனுப்பும்போது படத்தோடு மூன்று விவரம் சேர்த்து அனுப்புங்கள்: எந்தத் தெரு, எத்தனை மணி, நீங்கள் பார்த்ததா கேட்டதா. போன் நம்பரையும் போடுங்கள். திருப்பிக் கூப்பிடுவோம்.