அரண்மனையும் அரிக்கன் விளக்கும்

குடும்பத்துடன் உட்கார்ந்து பார்க்கத் தகுந்த படம் எது, தகாத படம் எது என்பதைப் படம் ஆரம்பிப்பதற்கு முன்பே தெரிந்து கொள்ளும் சக்தியைக் கடவுள் மனிதனுக்கு அளித்திருக்கலாம். அளிக்கவில்லை. ஆகையினால்தான் 2023-ம் வருஷம் டிஸம்பர் மாதக் கடைசியில் ஒரு நாள் இரவு, சாப்பாடு முடிந்த பிறகு, நாமும் நம் இல்லத்தரசியும் கல்லூரியில் படிக்கும் நம் குமாரியும் வரிசையாக உட்கார்ந்து "ஸால்ட்பர்ன்" என்னும் ஆங்கிலப் படத்தைப் பார்க்கும்படி நேர்ந்தது.

அந்தப் படம் தியேட்டர்களில் வெளியானது அவ்வருஷம் நவம்பரில். டிஸம்பர் 22-ந் தேதி பிரைம் வீடியோவின் மூலமாக வீட்டுக் கூடங்களுக்கே வந்து விட்டது. கிறிஸ்துமஸ் விடுமுறை அல்லவா? மேல்நாடுகளில் தாய் தகப்பனுடனும் பாட்டி தாத்தாவுடனும் உட்கார்ந்து, "ஏதோ பெரிய மாளிகைக் கதை" என்று நம்பிப் பார்க்க ஆரம்பித்துப் பாதியில் முகம் சிவந்தவர்கள் பலர். அந்த முகங்களைக் கைப்பேசியில் படம் பிடித்து உலகத்துக்குக் காட்டிய புண்ணியவான்களும் உண்டு.

படத்தை எழுதி டைரக்ட் செய்தவர் எமரால்ட் ஃபென்னல் என்னும் ஆங்கில மாது. கதை நடப்பது 2006-ம் வருஷத்தில். ஆலிவர் என்ற பையன் உபகாரச் சம்பளம் பெற்று ஆக்ஸ்போர்டில் படிக்க வருகிறான். அங்கே ஃபெலிக்ஸ் என்று ஒரு சீமான் வீட்டுப் பிள்ளை. அழகன், தாராள மனசுக்காரன். அவன் எங்கே போனாலும் ஆலிவரின் கண்கள் பின்னோடு போகின்றன. ஒரு நாள் ஃபெலிக்ஸின் சைக்கிள் பஞ்சராகி நிற்க, ஆலிவர் தன் சைக்கிளைக் கொடுத்து உதவுகிறான். தகப்பனார் இறந்து விட்டார் என்றும், வீடு சீரழிந்து கிடக்கிறது என்றும் சொல்லிக் கண்ணீர் விடுகிறான். மனமிரங்கிய ஃபெலிக்ஸ் கோடை விடுமுறைக்கு அவனைத் தன் மாளிகைக்கு அழைத்துப் போகிறான். அந்த மாளிகையின் பெயர்தான் ஸால்ட்பர்ன். விருந்தாளியாக நுழைந்த ஆலிவர் முடிவில் அதன் சொந்தக்காரன் ஆகிவிடுகிறான். நடுவில் வீட்டுக்காரர்கள் ஒவ்வொருவராக மடிகிறார்கள். சைக்கிளைப் பஞ்சர் செய்ததே ஆலிவர்தான் என்பது கடைசியில் வெளியாகிறது. படம் பாராத வாசகர்கள் ரகசியத்தை உடைத்ததற்காக மன்னிப்பார்களாக. அதைச் சொல்லாமல் நாம் சொல்ல வந்ததைச் சொல்ல முடியாது.

நிற்க. இத்தனை கொலைகளைக் கண்டு ஜனங்கள் பதறினார்களா? இல்லை. அவர்கள் பதறியது ஒரு குளியல் தொட்டியைக் கண்டு. ஃபெலிக்ஸ் குளித்து விட்டுப் போன தொட்டியருகே ஆலிவர் என்ன செய்கிறான் என்பதை ஒரு குடும்பப் பத்திரிகையில் விவரிப்பதற்கில்லை. அந்தக் கட்டம் வந்ததும் நம் இல்லத்தரசி, "பால் பொங்குகிற சத்தம் கேட்கிறதே!" என்று அடுக்களைக்கு எழுந்து போனாள். அடுப்பில் பால் இல்லை என்பது நமக்குத் தெரியும். குமாரி கைப்பேசியில் அவசரமாக எதையோ தேடினாள். நாம் தலைக்கு மேலே சுழன்ற மின்விசிறியை வெகு நேரம் ஆராய்ந்தோம். மேல்நாட்டு வியாபாரிகளோ இந்தக் கூச்சத்தையும் காசாக்கினார்கள். அந்தத் தொட்டித் தண்ணீரின் பெயரைச் சூட்டி மெழுகுவத்தி விற்றார்கள்!

இன்னொரு சாராரின் மனோபாவம் இதைவிட விசித்திரமானது. படத்தின் முடிவில் ஆலிவர், தான் கவர்ந்து கொண்ட மாளிகையின் அறைகள் தோறும் நடனமாடிக் கொண்டு போகிறான். பின்னால் ஒலிப்பது ஸோஃபி எல்லிஸ்-பெக்ஸ்டர் 2001-ல் பாடிய ஒரு பாட்டு. படத்தின் புண்ணியத்தில் அந்தப் பழைய பாட்டு 2024 ஜனவரியில் பிரிட்டனின் விற்பனை வரிசையில் மறுபடியும் இரண்டாம் இடத்துக்கு ஏறிவிட்டது. உடனே பெரிய மாளிகை உள்ளவர்கள் அதே பாட்டை வைத்துக் கொண்டு, தங்கள் கூடங்களிலும் மாடிப்படிகளிலும் ஆடிக் காட்டி டிக்டாக்கில் போட்டார்கள். சீமான்களைப் பரிகாசம் செய்ய வந்த படம் சீமான்களின் வீட்டைக் காட்டும் விளம்பரமாயிற்று. மாளிகை இல்லாதவர்கள் சும்மா இருந்தார்களா? படம் பிடிக்கப்பட்ட இடம் நார்த்தாம்ப்டன்ஷயரிலுள்ள டிரேட்டன் மாளிகை என்று கண்டுபிடித்து, அதைப் பார்க்கப் புறப்பட்டு விட்டார்கள். சிலர் அத்துமீறி உள்ளேயும் நுழைந்தார்கள். வேலிக்கு வெளியே நின்று ஏங்கும் ஒருவனைப் பற்றிய கதையைப் பார்த்து விட்டு, அதே வேலிக்கு வெளியே போய் நின்றார்கள்!

விமர்சகர்கள் இரண்டு கட்சியானார்கள். ஒரு கட்சிக்குப் படத்தின் துணிச்சல் பிடித்திருந்தது. மற்றொரு கட்சிக்குக் கோபம் வந்தது. "டைரக்டரோ பிரசித்தி பெற்ற நகை வியாபாரியின் மகள், ஆக்ஸ்போர்டில் படித்தவர். சீமான்களை அசட்டுப் பிசட்டென்று, ஆனால் பாவப்பட்டவர்களாகக் காட்டிவிட்டு, நடுத்தர வீட்டுப் பையனைப் பாதகனாக்கி விட்டாரே! இது என்ன நியாயம்?" என்று அவர்கள் கேட்டார்கள்.

கேள்வி நியாயமானதுதான். ஆனால் நம் மனத்தை அறுத்தது அதுவல்ல. குளியல் தொட்டியைப் பற்றி ஊரெல்லாம் பேசிய சத்தத்தில், அந்தப் படத்தின் மிகப் பயங்கரமான காட்சி பலருக்குக் காதில் விழாமலே போய்விட்டது என்று நினைக்கிறோம். அந்தக் காட்சியில் இரத்தமில்லை, ஆபாசமில்லை. ஆலிவரின் பிறந்த நாளன்று ஃபெலிக்ஸ், "உன்னை உன் தாயாருடன் சேர்த்து வைக்கிறேன்" என்ற நல்ல எண்ணத்துடன், முன்கூட்டிச் சொல்லாமல் அவனைக் காரில் அழைத்துக் கொண்டு அவன் ஊருக்குப் போகிறான். அங்கே சீரழிந்த குடிசை இல்லை. துப்புரவான, சௌக்கியமான வீடு. இறந்து போன தகப்பனார் உயிரோடு வந்து கை குலுக்குகிறார். தாயார் பிள்ளையைக் கண்ட பூரிப்பில், சாப்பிட்டு விட்டுத்தான் போக வேண்டும் என்று உபசரிக்கிறாள். ஆலிவரின் முகத்தைப் பார்க்க வேண்டுமே!

"பாவம், அந்த அம்மா!" என்றாள் குமாரி. நாம் ஒன்றும் பேசவில்லை. பேச முடியாததற்குக் காரணம் இருந்தது.

நாம் வெளியூரில் கல்லூரியில் படித்தபோது ஒரு மில் முதலாளியின் பிள்ளை நமக்குச் சிநேகிதன். அவர்கள் பங்களாவில் இரண்டு கார், கூடத்தில் பித்தளைச் சங்கிலி போட்ட ஊஞ்சல், ஞாயிற்றுக்கிழமை தோறும் நமக்கு விருந்து. ஒரு நாள் அவன் தாயார் நம் வீட்டைப் பற்றி விசாரித்தார். நாம் யோசனையின்றி, "அரிக்கன் விளக்கில் படித்துத்தான் அம்மா இவ்வளவு தூரம் வந்தேன்" என்று சொல்லி விட்டோம். அந்த அம்மாளின் கண்கள் கலங்கின. நம் இலையில் இன்னொரு ஜாங்கிரி விழுந்தது. ஜாங்கிரியின் ருசி லேசானதா? இரண்டு வாரத்தில் அரிக்கன் விளக்கில் எண்ணெயும் தீர்ந்து போயிற்று. தெரு விளக்குக்கு வந்து சேர்ந்தோம்.

உண்மை என்னவென்றால், நம் தகப்பனார் பள்ளிக்கூடத் தலைமையாசிரியர். வீட்டில் மின்சார விளக்கு உண்டு. போதாதென்று, மாதா மாதம் சம்பளத்தில் மிச்சம் பிடித்து, நாம் படிப்பதற்கென்றே பச்சை மூடி போட்ட ஒரு மேஜை விளக்கும் வாங்கிக் கொடுத்திருந்தார்.

விடுமுறையில் ஒரு நாள் நம் வீட்டு வாசலில் கார் வந்து நின்றது. சிநேகிதன் இறங்கினான். கையில் ஒரு துணி மூட்டை. அவன் தாயார் நமக்காகக் கொடுத்தனுப்பிய சட்டைகள். தகப்பனாருக்குத் தலை கால் தெரியாத சந்தோஷம். காப்பி கொடுத்து உபசரித்து விட்டு, "தம்பி, இதைப் பாருங்கள். இந்த விளக்கில்தான் இவன் படித்து முதல் வகுப்பில் தேறினான்" என்று சொல்லி, பட்டப் பகலில் அந்த மேஜை விளக்கை ஏற்றிக் காட்டினார். சிநேகிதன் விளக்கைப் பார்த்தான். பிறகு நம்மைப் பார்த்தான். "நல்ல விளக்கு, ஸார்" என்றான். மூட்டையை எடுத்துக் கொண்டு போய்க் காரில் ஏறினான். அதற்குப் பிறகு ஞாயிற்றுக்கிழமை விருந்து இல்லை.

"அந்தப் பையன் ஏதோ மூட்டை கொண்டு வந்தானே, அது என்ன?" என்று தகப்பனார் கேட்டார்.

"தெரியாது, அப்பா" என்றோம்.

அவர் அதற்கு மேல் கேட்கவில்லை. ஆனால் அந்த விளக்கை அதன் பிறகு யாருக்கும் அவர் காட்டியதில்லை.

ஆலிவர் செய்த பாதகங்கள் எதையும் நாம் செய்யவில்லை. ஒரு சைக்கிளைக்கூடப் பஞ்சர் செய்ததில்லை. இருந்தாலும் அவன் புறப்பட்ட இடத்திலிருந்துதான் நாமும் புறப்பட்டோம். மாளிகை வாசலில் நுழைவதற்காக, நம் வீட்டில் எரிந்த விளக்கை நாமே அணைத்தோம். சீமான்களின் செல்வத்தைப் பார்த்து ஏங்குவது ஒரு பலவீனம், மன்னித்து விடலாம். நல்லபடியாக நம்மை வளர்த்தவர்களை அந்த ஏக்கத்துக்குப் பலியிடுவதை எந்தக் கணக்கில் சேர்ப்பது?

படம் முடிந்ததும் இவ்வளவையும் குமாரியிடம் சொன்னோம். அவள் சிரிக்கவில்லை, கோபிக்கவும் இல்லை. "அந்த விளக்கு இப்போது எங்கே, அப்பா?" என்று மட்டும் கேட்டாள்.

மறுநாள் பரணிலிருந்து அதை இறக்கித் துடைத்து அவள் மேஜையில் வைத்தோம். பச்சை மூடி ஒரு பக்கம் நசுங்கியிருக்கிறது. பல்பு மட்டும் புதிதாகப் போட வேண்டியிருந்தது.