ஒரு பிரதி கூடுதலாக இருந்தால்...

நல்ல படம் எப்படியும் காலத்தை வென்று நின்றுவிடும் என்று பலரும் நம்புகிறார்கள். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் தீக்கு அந்தப் பாகுபாடெல்லாம் தெரியாது. நல்ல படமும் எரியும், மொக்கைப் படமும் எரியும். எங்காவது ஒரு மூலையில் இன்னொரு பிரதி கிடந்தால் படம் பிழைக்கும். இல்லாவிட்டால் பெயர் மட்டும் மிஞ்சும்.

டிவிடி, ப்ளூ-ரே என்று வீட்டு அலமாரியில் அடுக்கியிருக்கும் உலகப் படங்களையும் இசை நிகழ்ச்சிகளையும் வெறும் பொழுதுபோக்குச் சாமான்களாக நினைப்பவர்கள் உண்டு. அவற்றில் சில எந்தெந்த வழியாக அங்கே வந்து சேர்ந்தன என்று ஒருமுறை விசாரித்துப் பார்த்தால் அப்படிச் சொல்ல மனம் வராது.

முதலில் ஜோன். டென்மார்க்கைச் சேர்ந்த கார்ல் தியோடர் டிரையர் பிரான்சில் எடுத்த மௌனப் படம் 'தி பேஷன் ஆஃப் ஜோன் ஆஃப் ஆர்க்'. 1928 ஏப்ரலில் கோபன்ஹேகனில் முதன்முதலாகத் திரையிடப்பட்டது. கதை என்று பார்த்தால் ஒரு விசாரணை, ஒரு தண்டனை, அவ்வளவுதான். ஜோனாக நடித்த ஃபால்கொனெட்டியின் முகத்தைக் குளோசப்பில் காட்டிக் காட்டியே முழுப் படத்தையும் நகர்த்தியிருப்பார் டிரையர். பிரான்சில் வெளியாகும் முன்பே தணிக்கைக்காரர்களும் தேவாலயமும் அதில் கை வைத்துவிட்டார்கள். போதாக்குறைக்கு அதே ஆண்டு டிசம்பரில் பெர்லினில் நடந்த தீ விபத்தில் மூல நெகடிவ் சாம்பலாகிவிட்டது.

டிரையர் விடவில்லை. படத்தில் சேர்க்காமல் ஒதுக்கி வைத்திருந்த டேக்குகளைத் தேடியெடுத்து, அதே வரிசையில் கோத்து, இரண்டாவதாக ஒரு வடிவத்தை உருவாக்கினார். அதன் நெகடிவும் அடுத்த ஆண்டே இன்னொரு தீயில் போய்விட்டதாக நம்பப்பட்டது. அதன் பிறகு பல பத்தாண்டுகள் உலகம் பார்த்ததெல்லாம் வெட்டுப்பட்ட, ஒட்டுப்போட்ட பிரதிகளைத்தான். 1968-ல் டிரையர் இறந்தபோதுகூட அவருடைய முதல் வடிவம் கிடைத்திருக்கவில்லை.

அது கிடைத்தது 1981-ல். எங்கே தெரியுமா? நார்வேயில், ஆஸ்லோ அருகே உள்ள ஒரு மனநல மருத்துவமனையில். துப்புரவுப் பணியாளரின் சாமான் அறையில் கிடந்த சில ஃபிலிம் டப்பாக்களைத் திறந்து பார்த்தால், தணிக்கை கை வைப்பதற்கு முந்தைய ஜோன் உள்ளே இருந்தாள்! பெரிய ஸ்டூடியோவின் நெகடிவ் எரிந்துபோனது. யாரும் பெரிதாக எண்ணாத ஒரு பிரிண்ட் துடைப்பங்களுக்குப் பக்கத்தில் அரை நூற்றாண்டு பத்திரமாக இருந்திருக்கிறது.

1999-ல் அமெரிக்காவின் கிரைட்டீரியன் நிறுவனம் அதை டிவிடியாகக் கொண்டுவந்தது. ரிச்சர்ட் ஐன்ஹார்ன் இந்தப் படத்தால் உந்தப்பட்டு எழுதிய இசையோடும் பார்க்கலாம், சத்தமே இல்லாமலும் பார்க்கலாம். திரைப்பட விழாவுக்குப் போக வழியில்லாதவர்களின் வீட்டுக்கும் ஜோன் வந்தது இப்படித்தான்.

அடுத்த கதை நமக்கு இன்னும் நெருக்கமானது. 1992-ல் சத்யஜித் ராய்க்கு வாழ்நாள் சாதனைக்கான கௌரவ ஆஸ்கர் வழங்கப்பட்டது. அந்த ஆண்டு ஏப்ரலில் அவர் இறந்தார். அவருடைய படங்களைப் பாதுகாக்கும் முயற்சியில் 'பதேர் பாஞ்சாலி' (1955), 'அபராஜிதோ' (1956), 'அபுர் சன்சார்' (1959) உள்ளிட்ட படங்களின் மூல நெகடிவ்கள் லண்டனில் உள்ள ஒரு லேபுக்கு அனுப்பப்பட்டன. 1993 ஜூலையில் அந்த லேபில் தீ. பாதுகாக்க அனுப்பிய இடத்திலேயே எரிந்தன!

கருகிய மிச்சத்தை யாரோ குப்பையில் கொட்டியிருந்தால் கதை அங்கேயே முடிந்திருக்கும். நல்லவேளையாக அது ஆஸ்கர் அகாதமியின் காப்பகத்துக்குப் போய்ச் சேர்ந்தது. இருபது வருடம் கழித்து அகாதமி காப்பகமும் கிரைட்டீரியனும் சேர்ந்து அந்தப் பெட்டிகளைத் திறந்தன. இத்தாலியின் போலோன்யா நகரில் உள்ள லேபில் உலர்ந்து நொறுங்கும் நிலையில் இருந்த சுருள்களுக்கு ஈரப்பதம் ஏற்றினார்கள். ஓரத் துளைகளைக் கையாலேயே ஒட்டிச் சரிசெய்தார்கள். ஏறத்தாழ ஆயிரம் மணி நேரக் கைவேலை. 'பதேர் பாஞ்சாலி'யில் 40 சதவீதத்துக்கு மேலும், 'அபராஜிதோ'வில் 60 சதவீதத்துக்கு மேலும் மூல நெகடிவிலிருந்தே மீட்க முடிந்தது. 'அபுர் சன்சார்' நெகடிவில் பயன்படுத்தும்படி எதுவும் தேறவில்லை.

மீதியை எங்கிருந்து நிரப்பினார்கள்? வெவ்வேறு நாட்டுக் காப்பகங்களில் இருந்த பிரதிகளிலிருந்துதான். எப்போதோ யாரோ ஒரு பிரதி கூடுதலாக எடுத்து வைத்திருந்ததால்தான் அபு இன்று முழு உருவத்தோடு நிற்கிறான். 2015-ல் முதலில் திரையரங்குகளிலும், பிறகு ப்ளூ-ரேயிலும் மூன்று படங்களும் வெளிவந்தன. மழையில் நனையும் துர்காவையும் நாணல் காட்டைத் தாண்டி ஓடும் ரயிலையும் அந்தத் துல்லியத்தில் பார்க்கும்போது, இது ஒருமுறை எரிந்த படம் என்பதை நம்பவே முடியாது.

சினிமாவுக்கு மட்டும்தான் இந்தக் கதி என்று நினைக்க வேண்டாம். இசை நிகழ்ச்சிகளின் கதை இன்னும் விசித்திரம். ஆறு மாதத்துக்குள் படமாக்கப்பட்ட மூன்று நிகழ்ச்சிகளை மட்டும் எடுத்துக்கொள்வோம்.

முதலாவது, 1971 ஆகஸ்ட் 1. நியூயார்க்கின் மேடிசன் ஸ்கொயர் கார்டனில் ஜார்ஜ் ஹாரிசனும் ரவிசங்கரும் சேர்ந்து நடத்திய 'கான்சர்ட் ஃபார் பங்களாதேஷ்'. ரவிசங்கர், அலி அக்பர் கான், அல்லா ரக்கா ஆகியோர் மேடையில் அமர்ந்து சுருதி சேர்த்து முடித்ததுமே கூட்டம் கைதட்டுகிறது. சுருதி சேர்த்ததே இவ்வளவு பிடித்திருந்தால் வாசிப்பு இன்னும் பிடிக்கும் என்று நம்புவதாக ரவிசங்கர் சொல்கிறார். இசைத்தட்டிலும் இதைக் கேட்கலாம். ஆனால் அவர் முகத்தைப் பார்த்துக்கொண்டே கேட்பது வேறு அனுபவம். இந்தப் படம் 1972-ல் திரையரங்குக்கும் 2005-ல் டிவிடிக்கும் வந்தது.

இரண்டாவது, அதே 1971 அக்டோபர். இத்தாலியின் பாம்பேயில், எரிமலைச் சாம்பல் மூடிய பழைய ரோமானிய அரங்கில் பிங்க் ஃப்ளாய்ட் குழுவை வாசிக்க வைத்தார் இயக்குநர் ஆட்ரியன் மேபன். பார்வையாளர் ஒருவர்கூடக் கிடையாது. கல் படிகள், வெயில், ஒலிபெருக்கிகள், நான்கு இளைஞர்கள். 1972-ல் படம் வந்தது. பின்னாளில் மேபன் புதிய வடிவம் ஒன்றைத் தயாரிக்கக் கிளம்பி, படத்தில் சேராத மூலக் காட்சிகளைத் தேடியபோது, நூற்றுக்கணக்கான டப்பாக்கள் இடத்தை அடைக்கின்றன என்று எரிக்கப்பட்டுவிட்டது தெரியவந்ததாம். 2003 டிவிடியில் அந்த இடங்களை விண்வெளிக் காட்சிகள், கணினி வரைகலை என்று வைத்து நிரப்பினார். பலருக்கு அது பிடிக்கவில்லை. ஆனால் எரிந்ததை எங்கே போய் வாங்குவது? தொகுத்த படத்தின் 35 எம்எம் நெகடிவாவது தப்பியதே என்று ஆறுதல்பட வேண்டியதுதான். அதிலிருந்து சீரமைத்த வடிவம் 2025-ல் வந்தது.

மூன்றாவது, 1972 ஜனவரி. லாஸ் ஏஞ்சலஸில் ஒரு தேவாலயத்தில் இரண்டு இரவுகள் அரீத்தா ஃபிராங்க்ளின் பாடினார். சிட்னி போலக் பல கேமராக்களோடு படம் பிடித்தார். பெரிய இயக்குநர்தான். ஆனால் ஒவ்வொரு ஷாட்டுக்கும் கிளாப் போர்டு தட்ட மறந்துவிட்டார்கள். விளைவு, படம் ஒரு பக்கம், ஒலி ஒரு பக்கம். எந்தச் சுருளுக்கு எந்த ஒலி என்று பொருத்தவே முடியவில்லை. 'அமேசிங் கிரேஸ்' இசைத்தட்டு வெளிவந்து பெரும் வெற்றி பெற்றது. படமோ கிடப்பில் போனது. பல ஆண்டுகள் கழித்து ஆலன் எலியட் என்பவர் கணினி உதவியோடு இரண்டையும் பொருத்தினார். அப்போதும் சிக்கல் தீரவில்லை. படத்தை வெளியிட முயன்றபோது அரீத்தாவே நீதிமன்றம் போய்த் தடுத்தார். 2018 ஆகஸ்டில் அவர் இறந்தார். குடும்பத்தின் சம்மதத்தோடு அந்த நவம்பரில் படம் திரைக்கு வந்தது. 46 ஆண்டுத் தாமதம்!

பாடியவருக்கே விருப்பமில்லாத ஒன்றை உலகம் பார்க்கலாமா என்ற கேள்வி நியாயமானது. அதற்கு எளிதான பதில் கிடையாது. ஆனால் சுருள்கள் அழியாமல் இருந்ததால்தான் அந்தக் கேள்வியைக் கேட்கவாவது முடிகிறது. எரிந்துபோன பாம்பே டப்பாக்களைப் பற்றி அப்படிக் கேள்வி கேட்கக்கூட வழியில்லை.

இங்கேதான் வீட்டு அலமாரி முக்கியமாகிறது. 1976-ல் விஎச்எஸ் வந்தது. 1984-ல் கிரைட்டீரியன் 'சிட்டிசன் கேன்', 'கிங் காங்' படங்களை லேசர்டிஸ்க்கில் வெளியிட்டது. 'கிங் காங்' ஓடும்போதே கூடவே ஒருவர் விளக்கம் சொல்லும் ஒலித்தடத்தை அதில் சேர்த்தார்கள். காசு கொடுத்து வாங்குபவருக்கு ஒரு சினிமா வகுப்பு இலவசம். 1996-ல் டிவிடி, 2006-ல் ப்ளூ-ரே. வியாபாரத்துக்காகச் செய்ததுதான், மறுப்பதற்கில்லை. உலகத்தை மண்டலங்களாகப் பிரித்து, அமெரிக்காவுக்கு 1, இந்தியாவுக்கு 5 என்று எண் போட்டு, அங்கே வாங்கிய டிவிடி இங்கே ஓடாதபடி பூட்டும் போட்டார்கள். ஆனாலும் யாரும் திட்டமிடாத ஒரு நல்ல காரியம் நடந்தது. சில காப்பகங்களில் மட்டும் இருந்த படங்கள் ஆயிரக்கணக்கான வீடுகளுக்குப் பரவின. அந்த மனநல மருத்துவமனையின் சாமான் அறை ஒன்றே ஒன்றுதான். இப்போது ஒவ்வொரு வீடும் அப்படி ஒரு அறை.

டிவிடி நெகடிவுக்கு ஈடாகாது என்பது உண்மைதான். தரம் குறைவு. கீறல் விழும். பூஞ்சை பிடிக்கும். அதை ஓட்டும் கருவியும் ஒருநாள் கடையில் கிடைக்காமல் போகும். ஜப்பானின் ஃபுனாய் நிறுவனம் 2016-ல் விசிஆர் தயாரிப்பை நிறுத்தியதோடு புதிய விசிஆரே இல்லாமல் போயிற்று. 25 ஆண்டுகளாகத் தபாலில் டிவிடி அனுப்பிவந்த நெட்ஃபிளிக்ஸ், 2023 செப்டம்பர் 29-ல் அந்தச் சேவையை மூடியது. எல்லாம் இணையத்திலேயே கிடைக்கும்போது தட்டு எதற்கு என்று கேட்கிறார்கள்.

கிடைக்கும்தான், உரிம ஒப்பந்தம் இருக்கும் வரை. சந்தா கட்டுபவர் வாங்குவது பார்க்கும் அனுமதியை. பிரதி அவர் கைக்கு வருவதே இல்லை. ஒப்பந்தம் முடிந்த அன்று படம் பட்டியலிலிருந்து போய்விடும். தீயும் இல்லை, புகையும் இல்லை, சாம்பலும் இல்லை. போனதே பலருக்குத் தெரியாது. அலமாரியில் உள்ள தட்டை அப்படி யாரும் வந்து எடுத்துக்கொண்டு போக முடியாது.

நம் கதையையும் சொல்லித்தான் ஆக வேண்டும். முதல் தமிழ்ப் பேசும் படமான 'காளிதாஸ்' 1931-ல் வெளிவந்தது. டி. பி. ராஜலட்சுமி நடித்தார், பாடினார். பத்திரிகைக் குறிப்புகள் இருக்கின்றன, வரலாற்றுப் புத்தகங்களில் பெயர் இருக்கிறது. படம் இல்லை. ஒரு பிரதி, ஒரே ஒரு பிரதி, எங்காவது ஒரு சாமான் அறையில் தப்பியிருந்தால் போதும். இதுவரை அப்படி எதுவும் கிடைக்கவில்லை.

அதனால், வீட்டைச் சுத்தம் செய்யும்போது பழைய டிவிடிகளையும் வீடியோ கேசட்டுகளையும் மொத்தமாக அள்ளிப் பழைய பேப்பர்காரரிடம் போடுவதற்கு முன் ஒருமுறை புரட்டிப் பாருங்கள். கடையில் மறுபடி வாங்க முடியாதது ஏதாவது இருந்தால் அதை மட்டுமாவது தனியே எடுத்து வையுங்கள். ஓடும் நிலையில் இருக்கும்போதே இன்னொரு பிரதியும் எடுத்து வைத்தால் இன்னும் நல்லது. பெரிய இடமெல்லாம் வேண்டாம், ஒரு ஷூ பெட்டி போதும்.