வச்சிருந்தவனைப் பாரு

என் வாப்பா மேலப்பாளையம் சந்தையில் நாற்பது வருடம் மாட்டுத் தரகு பார்த்தவர். செவ்வாய்க்கிழமை என்றால் எங்கள் வீட்டில் விடியுமுன்னே விளக்கு எரியும். பல்லைப் பிடித்துப் பார்ப்பது, சுழி பார்ப்பது, படுத்த மாட்டை எழுப்பி நாலடி நடக்கவிட்டுப் பார்ப்பது என்று அவர் பின்னாலேயே அலைந்து வளர்ந்தவன் நான். 2018-இல், 22 வயதான ஒரு பென்ஸ் காரைப் பார்க்கக் கோயம்புத்தூர் போனபோது அவரையும் கூட்டிக்கொண்டு போனேன்.

அவருக்குக் கார் ஓட்டத் தெரியாது. வண்டியை ஒரு சுற்றுச் சுற்றி வந்தார், அவ்வளவுதான். பிறகு அந்த வீட்டைப் பார்க்க ஆரம்பித்துவிட்டார். தண்ணீர் மோட்டாருக்கு மழை படாமல் தகரக் கூண்டு அடித்திருந்தது. சுவரோரம் நின்ற பழைய சைக்கிளின் செயினில் எண்ணெய் மினுங்கியது. என்னைத் தனியே கூப்பிட்டு, "வண்டியப் பத்தி எனக்கு ஒண்ணும் தெரியாதுப்பா. ஆனா வச்சிருந்தவன் வாயில்லாச் சீவனப் பட்டினி போடுற ஆளு இல்ல. வாங்கு" என்றார்.

வாங்கினேன். டபிள்யூ 124 என்று பென்ஸ்காரர்கள் எண் சொல்லி அழைக்கும் வரிசை, இ 250 டீசல், 1996-ஆம் வருட வண்டி. ஜெர்மனியில் 1984-இல் வந்த இந்த வரிசையைத்தான் 1995-இல் புனேயில் கோத்து, இந்தியாவில் பென்ஸ் தன் கார்க் கணக்கைத் தொடங்கியது. 2,497 சி.சி., ஐந்து சிலிண்டர், டர்போ இல்லை. எங்கள் தெருக்காரர்களுக்கு இந்த விவரம் ஒன்றும் தேவைப்படவில்லை. "பென்ஸ் வாங்கிட்டாராம்லா" என்ற ஒரே வரி அஸருக்கு முன்னால் நாலு தெரு சுற்றி வந்துவிட்டது.

உண்மையில் நான் கொடுத்தது ஐந்து வருடம் ஓடிய ஒரு சின்னக் காருக்குக் கொடுக்கும் பணம்தான். பழைய சொகுசுக் காரில் மயங்கும் இடமும் மாட்டிக்கொள்ளும் இடமும் இதுவே. வண்டியின் விலை வருடா வருடம் இறங்கும். அதன் சாமான்களின் விலை இறங்காது. ஆனை வாங்கியவன் அங்குசத்துக்கு யோசித்த கதை இங்கே தினமும் நடக்கிறது. முதல் சொந்தக்காரர் பணக்காரர், கேட்டதை மாற்றியிருப்பார். இரண்டாமவர் யோசித்து மாற்றுவார். மூன்றாமவர் "ஓடுறவரைக்கும் ஓடட்டும்" என்பார். நாலாவதாக வருகிறவன் வாங்குவது, முன்னே இருந்தவர்கள் தள்ளிப்போட்ட வேலைகளின் மொத்த மூட்டையை. அந்த மூட்டையின் கனம் தெரிந்து விலை பேசுவதுதான் இந்தத் தொழிலின் பாதி.

கனம் பார்க்கச் சில வழிகள் உண்டு. முதல் நாளே போன் செய்து, நாங்கள் வரும்வரை ஸ்டார்ட் பண்ண வேண்டாம் என்று கேட்டுக்கொண்டேன். போனதும் பானெட்டின் மேல் கை வைத்துப் பார்த்தேன், சில்லென்று இருந்தது. சூடான டீசல் எஞ்சின் எல்லாக் குறையையும் மறைத்துவிடும். குளிர்ந்த எஞ்சின்தான் உண்மை பேசும். ஹீட்டர் லைட் அணைந்த பிறகு சாவியைத் திருப்பினால் ஐந்து சிலிண்டரும் சேர்ந்து பிடிக்க வேண்டும். நாலு பிடித்து ஒன்று நொண்டினால் அந்த ஹீட்டர் பிளக் போயிருக்கலாம். அது சின்னச் செலவு. ஓடும்போதே ஆயில் ஊற்றும் மூடியைக் கழற்றி, அதே வாயின்மேல் சும்மா வைத்துப் பார்க்க வேண்டும். லேசாக நடுங்கினால் வயசு. தூக்கித் தூக்கி எறிந்தால் பிஸ்டன் வழியே காற்று கீழே இறங்குகிறது என்று பொருள். அது பெரிய செலவு.

அடுத்தது, எஞ்சினை நிறுத்திப் பார்ப்பது. டீசலில் பொறி கிடையாது. சாவியை அணைத்தால் வேக்குவம் பம்புக்குப் போய் எண்ணெயை அடைக்கும், எஞ்சின் நிற்கும். சாவியை எடுத்த பிறகும் வண்டி கொஞ்ச நேரம் தொடர்ந்து ஓடினால் எங்கோ ஒரு ரப்பர் குழாய் வெடித்திருக்கிறது. நாலு கதவின் பூட்டுகளும் இதுபோல் காற்றுக் குழாய்களில்தான் வேலை செய்கின்றன, ஆனால் அவற்றுக்குத் தனி மின்சாரப் பம்பு. ஒரு கதவு மட்டும் சோம்பேறித்தனமாகப் பூட்டினால் அதுவும் ஒரு வாக்குமூலம்.

பிறகு துரு. பெயிண்டைப் பார்த்து ஏமாறக் கூடாது. டிக்கியின் விரிப்பைத் தூக்கி ஸ்டெப்னிக் குழியையும், பேட்டரியைத் தூக்கி அதன் தட்டையும் பார்க்க வேண்டும். ஜாக்கி போடும் துளைகளின் மூடியைக் கழற்றி உள்ளே விரலை விட வேண்டும். 2023 டிசம்பர் வெள்ளத்துக்குப் பிறகு எங்கள் பக்கத்தில் பழைய கார் பார்க்கிறவர்களுக்கு இன்னொன்றும் சொல்லி வருகிறேன். அந்த 17, 18 தேதிகளில் தாமிரபரணி கரை மீறி வந்ததை யாரும் மறக்கவில்லை. ஆனால் முங்கிய வண்டிகள் கழுவித் துடைக்கப்பட்டு வேறு ஊர்களுக்குப் போயிருக்கும், வேறு ஊர் வண்டி இங்கே வந்திருக்கும். சீட் பெல்ட்டைக் கடைசி வரை இழுத்துப் பாருங்கள். எவ்வளவு கழுவினாலும் சுருளுக்குள் ஒளிந்திருக்கும் அந்தக் கடைசி முழத்தில் சேற்றுக் கோடு நிற்கும்.

இவ்வளவு பார்த்தும், ஊர் வந்த பிறகுதான் மூட்டை அவிழ்ந்தது. வண்ணார்பேட்டைப் பக்கம் ஒரு லாரிப் பட்டறை. அதன் சொந்தக்கார அண்ணாச்சிக்கு வயது அறுபதுக்கு மேல். பெரிய ஊர்ப் பட்டறைகளைத் தேடாமல் அவரிடம் போனதற்குக் காரணம் உண்டு. நம் ஊரில் பென்ஸ் என்பது முதலில் லாரியாகத்தான் வந்தது. 1954-இல் டெல்கோவும் டைம்லர்-பென்ஸும் ஒப்பந்தம் போட்டு, பதினைந்து வருடம் ஜாம்ஷெட்பூரில் நட்சத்திரம் பொறித்த லாரிகளைச் செய்தார்கள். பழைய டிரைவர்கள் வாயில் அது இன்றும் 'டாட்டா பென்ஸ்'தான். அந்த லாரிகளுக்கு அடியில் படுத்துத் தொழில் பழகியவர் அண்ணாச்சி. டெம்போ டிராவலர் வேனின் பழைய எஞ்சின்கூட பென்ஸின் 240 டி காரில் இருந்த எஞ்சினின் வழி வந்ததுதான் என்பதும் அவர் சொல்லித்தான் எனக்குத் தெரியும்.

என் வண்டியின் பானெட்டைத் தூக்கி ஒரு நிமிடம் பேசாமல் நின்றார். "தம்பி, பம்பப் பாத்தேளா? லாரிக்கு வாரதுதான், கொஞ்சம் சின்னப் பிள்ளையா இருக்கு. பயப்படாதீய" என்றார். எனக்கு அதன் பிறகுதான் மூச்சு வந்தது. டைமிங் பெல்ட் கிடையாது, செயின். கம்ப்யூட்டர் சொல்லித்தான் எண்ணெய் போக வேண்டும் என்பதும் இல்லை. ஸ்பேனர் பிடிக்கத் தெரிந்த, பொறுமையுள்ள ஒரு கைக்கு இந்தச் சொகுசுக் கார் கட்டுப்படும்.

முதல் வருடம் கண்ணுக்குத் தெரியாத வேலைகளுக்கே பணம் போனது. எங்கள் ஊர் வெயில் இரும்பை விட்டுவிடும், ரப்பரை விடாது. பின் சக்கரம் ஒவ்வொன்றையும் ஐந்து கைகள் பிடித்திருக்கின்றன. இந்த வண்டி மேட்டில் ஏறி இறங்கும்போது படகு மாதிரி அலுங்காமல் போவதற்குக் காரணமே அவைதான். அந்தக் கைகளின் புஷ் எல்லாம் வெடித்துக் கிடந்தன. எஞ்சின் மவுண்ட் அமுங்கியிருந்தது. புரொப்பல்லர் ஷாஃப்டை இணைக்கும் ரப்பர் வட்டில் கீறல் விட்டிருந்தது. ரேடியேட்டரில் யாரோ வருடக்கணக்காகக் குழாய்த் தண்ணீர் ஊற்றியிருந்தார்கள். இந்த எஞ்சினின் பிளாக் வார்ப்பிரும்பு, ஹெட் அலுமினியம். ஒரு முறை நன்றாகக் கொதித்தால் ஹெட் கோணிக்கொள்ளும். அதனால் கூலண்ட் விஷயத்தில் மட்டும் நான் கஞ்சத்தனம் பார்ப்பதில்லை. புஷ்களைப் புதிதாக வரவழைத்தோம். கதவுக் கைப்பிடி, விளக்குக் கண்ணாடி போன்றவை சென்னைப் புதுப்பேட்டையில் கிடைத்தன. பிடிப்பும் தாங்கலும் புதிதாக இருக்க வேண்டும், அலங்காரம் பழையதாக இருக்கலாம் என்பது அண்ணாச்சி போட்ட சட்டம். வண்டியின் விலையில் பாதி அந்த ஒரு வருடத்தில் கரைந்தது. அதை முன்பே எடுத்து வைத்திருந்ததால் வீட்டில் சண்டை வரவில்லை. எல்லாவற்றையும் தேதியோடும் கிலோமீட்டரோடும் ஒரு நீள நோட்டில் எழுதினேன், இன்றுவரை எழுதுகிறேன்.

அதற்குப் பிறகுதான் அது வீட்டுக் காரானது. முன்பிருந்த சின்ன வண்டியில் அம்பாசமுத்திரம் ரோட்டில் போனால், சேரன்மகாதேவி தாண்டும் முன்பே உம்மா இடுப்பைப் பிடித்துக்கொள்வார். இந்த வண்டியில் முதல் முறை பொட்டல்புதூர் தர்காவுக்குப் போனோம். கல்லிடைக்குறிச்சியில் திரும்பிப் பார்த்தேன். உம்மா தூங்கிக்கொண்டிருந்தார், வாப்பா ஜன்னல் வழியே யாருடைய வயலிலோ மேய்ந்த மாட்டை விலை மதித்துக்கொண்டிருந்தார். கொடுத்த பணம் அந்த இடத்தில் நேராகிவிட்டது. மகளுக்குப் பிடித்தது வைப்பர். ஒரே ஒரு வைப்பர், கண்ணாடியின் மூலைக்கு வரும்போதெல்லாம் கையை நீட்டி எட்டித் துடைத்துவிட்டு மறுபடி சுருங்கிக்கொள்ளும். குற்றாலம் போகும் வழியில் சாரல் பிடித்தால் அவள் வெளியே பார்ப்பதில்லை, அதைத்தான் பார்ப்பாள்.

தொல்லைகளும் உண்டு. 4.74 மீட்டர் நீளம். எங்கள் தெருவில் எதிரே லோடு ஆட்டோ வந்தால் யாராவது ஒருவர் பின்னால் போயாக வேண்டும். முன் சக்கரம் நன்றாக ஒடிந்து திரும்பும் என்பதால் முனைகளில் தப்பிக்கிறேன். ஊருக்குள் லிட்டருக்கு ஒன்பது கிலோமீட்டர், நாற்கரச் சாலையில் பன்னிரண்டு, பதின்மூன்று. பழக்கடையில் என்னைப் பார்த்தாலே விலை ஒரு படி ஏறும். தெருவில் எந்த நிக்காஹ் என்றாலும் மாப்பிள்ளை ஊர்வலத்துக்கு என் வண்டிதான். மறுத்தால் "பென்ஸ் வச்சிருக்கதுனால பவுசு" என்ற பேச்சு. பாதுகாப்பிலும் கண்ணை மூடிக்கொண்டு பெருமை பேசக் கூடாது. அதன் காலத்தில் கெட்டியான வண்டி. ஆனால் குழந்தை இருக்கையைப் பூட்டும் ஐசோஃபிக்ஸ் கொக்கி போன்றவையெல்லாம் வருமுன் பிறந்தது.

காகிதமும் ஒரு செலவுதான். பதினைந்து வருடம் முடிந்த சொந்தக் காருக்கு ஐந்து வருடத்துக்கு ஒருமுறை வண்டியைக் காட்டி ஆர்.சி. புதுப்பிக்க வேண்டும். 2022 ஏப்ரலில் இதற்கான கட்டணம் 5,000 ரூபாய் ஆனது. 2025 ஆகஸ்ட் அறிவிப்பின்படி இருபது வருடம் தாண்டிய கார்களுக்கு 10,000. இறக்குமதி வண்டி என்றால் 80,000. பழைய பென்ஸ் தேடுகிறவர்கள் அது புனேயில் கோத்ததா, கப்பலில் வந்ததா என்று ஆர்.சி.யில் முதலில் பார்ப்பது நல்லது.

போன மாதம் ஒருவர் வண்டியைக் கேட்டு வந்தார். யார் சொல்லி வந்தாரோ தெரியாது. நட்சத்திரத்தைத் தடவிப் பார்த்தார். ஏ.சி.யைப் போட்டு முகத்தைக் காட்டினார். மைலேஜ் கேட்டார். பெயிண்டைப் புகழ்ந்தார். நான் நோட்டை எடுத்து முன்னால் வைத்தேன். அதைத் தள்ளி வைத்துவிட்டு, அந்த இடத்தில் போனை வைத்துக் கணக்குப் போட்டு ஒரு விலை சொன்னார். நான் மனதில் வைத்திருந்ததைவிட அது அதிகம்.

திண்ணையில் இருந்த வாப்பா அவரையும் பார்த்தார், வாசலில் நிறுத்தியிருந்த அவருடைய காரையும் பார்த்தார். அதன் ஒரு டயர் மொட்டையாகி நூல் தெரிந்தது. வாப்பா ஒன்றும் பேசவில்லை. தோள் துண்டை எடுத்து உதறி மறுபடி போட்டுக்கொண்டார். சந்தையில் அதற்கு அர்த்தம் எனக்குத் தெரியும்.

"விலை படியாதுண்ணே" என்று சொல்லி அனுப்பிவைத்தேன்.