யாருக்கு முதல் பந்தி?

கேட்பவர் பத்துப் பேர், கொடுப்பதற்கு இருப்பது ஒன்று என்றால் என்ன செய்வது? கல்யாணப் பந்தியில் இந்தச் சங்கடத்துக்கு ஒரு விதி உண்டு: முதல் பந்தி சம்பந்தி வீட்டாருக்கு. ஆராய்ச்சிக் கூடத்தில் அந்த விதி செல்லுமா?

இதை யோசிக்கும்போதெல்லாம் எனக்கு ஹப்பிள் தொலைநோக்கிதான் நினைவுக்கு வருகிறது. 1990-ம் வருஷம் அதை ஆகாயத்தில் ஏற்றினார்கள். ஒருவருக்கு நட்சத்திரம் பிறப்பதைப் பார்க்க வேண்டும். இன்னொருவருக்கு அது சாவதைப் பார்க்க வேண்டும். வேறொருவருக்கு வியாழன் மேல் கண். எல்லாம் நியாயமான ஆசைதான். தொலைநோக்கியோ ஒன்று. ஆகவே விண்ணப்பங்களை நிபுணர் குழுக்கள் படித்துத் தரம் பிரிக்கின்றன. 2018-ம் வருஷப் பரிசீலனையில் பத்தில் ஒன்றுகூடத் தேறவில்லை.

அந்த வருஷம் விண்ணப்பதாரரின் பெயரைக் குழுவினரின் கண்ணில் படாமல் மறைத்தார்கள். அதுவரை பெண்களின் விண்ணப்பங்கள் ஆண்களுடையதைவிடக் குறைந்த விகிதத்திலேயே தேறி வந்தன. பெயரை மறைத்ததும், முதல் தடவையாகப் பெண்களின் கை சற்றே ஓங்கியது. குழுவினர் கெட்டவர்கள் அல்ல. தெரிந்த பெயரைக் கண்டால் யாருக்கும் மனம் கொஞ்சம் இளகிவிடுகிறது, அவ்வளவுதான்.

ஆனால் எனக்குப் பிடித்த கதை இன்னொன்று. நேரத்தில் பத்தில் ஒரு பங்கு வரை டைரக்டரின் இஷ்டத்துக்கு விடப்பட்டிருந்தது. அந்தப் பதவியில் இருந்த ராபர்ட் வில்லியம்ஸ், 1995 டிசம்பரில் தொடர்ந்து பத்து நாள் தொலைநோக்கியை சப்தரிஷி மண்டலத்தில் வெறும் இருட்டாகத் தெரிந்த ஓர் இடத்துக்குத் திருப்பி வைத்தார். பெரிதாக ஒன்றும் அகப்படாது என்று தேர்ந்த வானசாஸ்திரிகளே எச்சரித்திருந்தார்கள். கண்ணாடியில் கோளாறு என்று ஊர் சிரித்து, அதைச் சரிசெய்து இரண்டு வருஷம்தான் ஆகியிருந்தது. மறுபடியும் பரிகாசத்துக்கு ஆளாக யாருக்குத் துணிவு வரும்?

342 படங்கள் எடுத்தார்கள். அந்தக் கடுகளவு இருட்டுக்குள் ஏறக்குறைய 3000 நட்சத்திர மண்டலங்கள்! படங்களைப் பூட்டி வைக்காமல் சில வாரங்களில் உலகத்துக்கே கொடுத்துவிட்டார்கள்.

என்ன கிடைக்கும் என்று எழுதித்தர முடியாத மனுவுக்கு எந்தக் குழு மார்க்குப் போடும்? ஆகையால் பத்தில் ஒரு பங்கை ஒரு மனிதரின் பொறுப்பில் விட்டுவைத்தவர்களைத்தான் நான் கெட்டிக்காரர்கள் என்பேன். அந்த நாற்காலிக்கு வருகிறவர் அதைத் தம் மைத்துனனுக்குத் தாரை வார்த்துவிடக்கூடுமே என்ற பயம் எனக்கும் இல்லாமல் இல்லை. இருந்தாலும், விட்டுத்தான் வைக்க வேண்டும்.